சரிவில்லாத ஊர்

பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுத்தான் இவர் இறங்கிப் போனார். "ஆக்ஸிலேட்டர்ல கால வச்சுக்க. சத்தம் எறங்குற மாதிரி இருந்தா லேசா மிதி. ரொம்ப மிதிக்காத. அணைஞ்சுதுன்னா அவ்வளவுதான் சீலி, ஆளப் புடிச்சுத் தள்ளணும்" என்று ஜன்னலில் குனிந்து ஒருமுறை சொன்னார், நாலடி போனவர் வந்து அதையே இன்னொருமுறை சொன்னார், அப்புறம் உதிரிபாகக் கடைகள் இருக்கிற சந்துக்குள், கார் நுழையாத சந்துக்குள், மறைந்துவிட்டார். ஃபேன் பெல்ட் நூல் பிரிந்து தொங்குகிறதாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது, இன்றைக்கே வாங்கியாக வேண்டுமாம். நான் இவருடைய சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கீழே இருக்கிற மூன்றில் வலது ஓரத்தில் இருப்பது எதற்கு என்று மட்டும் தெரியும், அதுவும் இந்த வேலைக்காகவே இவர் சொல்லிக்கொடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன், வெறுங்காலில்தான் அதன் நாடி தெரிகிறது. கட்டைவிரலுக்கு அடியில் நடுங்குகிறது, ஒரே மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு துடிப்பை விழுங்கிவிடுகிறது, விழுங்கின இடத்தில் என் நெஞ்சும் ஒருதரம் நின்று போகிறது, நான் அழுத்துகிறேன், அது சமாளித்துக்கொள்கிறது. மடியில் அருளினி தூங்குகிறாள். பதினாலு மாசம். என் இடது தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, சேலைத் தலைப்பை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. மத்தியானம் சோறு வேண்டாம் என்று தட்டிவிட்டாள். நாலு மணிக்குக் கண் கொஞ்சம் சொருகினாற்போல இருந்தது. பல் முளைக்கிறது என்று இவர் சொன்னார். பல்லாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். அவள் நெற்றி என் கழுத்தில் படுகிற இடம் சுடுகிறது. ஆனால் இந்த வண்டிக்குள் எதுதான் சுடவில்லை? கியர் கம்பி சுடுகிறது, காலடித் தகடு சுடுகிறது, சீட்டு ரெக்ஸின் சுடுகிறது. பிள்ளையின் சூடு எது, வண்டியின் சூடு எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும். ஒரு கை அவள் முதுகில். இன்னொன்று ஸ்டியரிங்கில். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் விடமாட்டேன் என்கிறது கை.

கும்பகோணத்தில் சரிவே கிடையாது. கல்யாணமாகி வந்தபோது இதை நான் கவனிக்கவில்லை, கார் வந்த பிறகுதான் தெரிந்தது. இவர் பொதுப்பணித்துறையில் ஓவர்சியர், வாய்க்காலுக்கு லெவல் எடுக்கிறவர், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்வையிலேயே சொல்லிவிடுவார். "இந்தச் சீமையே ஒரு தாம்பாளம் சீலி. ஒரு மைலுக்கு ரெண்டு அடி எறங்குனா பெரிசு" என்று வந்த புதிதில் பெருமையாகச் சொன்னார். அந்த இரண்டு அடியைத் தேடித்தான் இப்போது எங்கள் வாழ்க்கை நடக்கிறது. எஞ்சின் சூடாக இருந்தால் செல்ஃப் எடுக்காது, அதுதான் இந்த வண்டியின் முதல் குணம். சரிவில் நிறுத்தினால் கைப்பிரேக்கை விட்டு உருட்டி, கியரில் போட்டுக் கிளப்பிவிடலாம். ஆகவே அரசலாற்றுப் பாலத்தின் இரண்டு பக்க இறக்கமும் எங்களுக்குச் சொந்தம். ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு மேடு உண்டு, அங்கே ஒரு வண்டிக்குத்தான் இடம். மாதா கோயில் வாசலில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சிமெண்டுச் சாய்வு, அது பறிபோய்விடக் கூடாது என்று பூசைக்கு அரைமணி முன்னாலேயே போய்விடுகிறோம், பக்தியான குடும்பம் என்று பெயர். மளிகைக்கடை பாலத்தடியில். தையற்காரர் பாலத்தடியில். அரிசியில் கல், ரவிக்கை தோளில் பிடிக்கிறது, ஆனால் இறக்கம் அருமையான இறக்கம். பிள்ளைக்கு டாக்டரும் பாலத்தடியில்தான், பெரியவர், எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு மருந்தை எழுதுகிறவர். கடைத்தெருவுக்குப் பின்னால் மீனலோசனி என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், குழந்தை வைத்தியமே தனியாகப் படித்தவர் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இவரிடம் சொன்னேன். இவர் யோசித்தார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவை மனதுக்குள் லெவல் எடுத்துப் பார்த்தார். "அது ஒரேயடியா சமதளம் சீலி. ரெண்டு பக்கமும் சாக்கடை வேற." நான் தலையாட்டினேன். திருச்சியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று நிமிர்ந்து பதில் சொல்லப் பழகினவள், பெற்ற பிள்ளைக்கு டாக்டரைச் சாக்கடையை வைத்துத் தீர்மானிப்பதற்குத் தலையாட்டினேன்.

ஒரு துடிப்பை விழுங்கிவிட்டது. அழுத்தினேன். எழுந்துகொண்டது. வண்டி கெட்ட வண்டி இல்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்கு இதை விற்றுவிட்டு மாற்றலாகிப் போன எஞ்சினியர் ஒன்பது வருஷம் ஓட்டினாராம், அவருக்கு ஒருநாள்கூடத் தொல்லை கொடுத்ததில்லையாம். மெக்கானிக் கஃபூர் பாய் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "தங்கம் சார் இது. ஒங்க கை அதுக்குப் பழகணும்" என்றார். கை பழகி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. கரண்டு வேலை செய்கிறவரிடம் போனால் கார்புரேட்டரில் அடைப்பு என்கிறார். கார்புரேட்டர்காரர் அதைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டி, "இது கரண்டுக் கோளாறு சார்" என்கிறார். ஹாரன் அடித்தால் வைப்பர் ஒருதரம் ஆடும், அதைச் சரிசெய்த அன்றைக்கு இடது விளக்கு போனது, விளக்கைச் சரிசெய்த அன்றைக்கு ரேடியேட்டர் கொதித்து மூடி தெறித்தது. எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக் காட்டும். அருளினியும் அப்படித்தான், வீட்டில் அனலாகக் கொதிப்பாள், டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் வியர்த்துக் குளிர்ந்து, அவர் மேஜைமேல் இருக்கிற மணியை எடுத்து ஆட்டிச் சிரிப்பாள், நான் பொய் சொன்னவள் மாதிரி நிற்பேன். வண்டியும் பிள்ளையும் எனக்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, அதுதான் பயமாக இருக்கிறது. பாதித் தூக்கத்தில் அவள் மூச்சைக் கேட்கிறேன், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் என் கால் தானாக நீண்டு கட்டில் சட்டத்தை அழுத்துகிறது. இவரைப் பார்த்திருக்கிறேன், வேலைவிட்டு வந்து நிறுத்தியதும் பானெட்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், உள்ளங்கை இல்லை, புறங்கை. அருளினி நெற்றியில் நான் வைக்கிற அதே புறங்கை. ஒருநாள் வாசலில் அவர் அதையும் கூடத்தில் நான் இவளையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். "சூடு இருக்கு" என்றார் அவர். "இங்கயும்" என்றேன். இருவருமே சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கையில் கடிகாரம் இல்லை. சந்து முனையில் கோணிச் சாக்கு விரித்து வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், வண்டிப் புகை நேராக அவள் கூடைமேல்தான் போகிறது, நான் தெரியாதது மாதிரி முன்னால் பார்க்கிறேன். முன்னால் மருந்துக்கடை. அதன் பக்கத்தில் வேப்பமரத்தடியில் மூன்று ஆட்டோ. அதையும் பார்க்கக் கூடாது. "ஏம்மா, பொகை பூரா எம் மூஞ்சில அடிக்குது. நிக்கிற வண்டிய அணைச்சு வச்சா என்னா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். "அணைச்சா எடுக்காதுக்கா" என்றேன். "எடுக்காத வண்டிய எதுக்கு வச்சிருக்கீங்க?" "ஓடுனா நல்லா ஓடும்." அவள் ஒரு பிஞ்சை எடுத்து நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டே, "எங்க வூட்டு ஆளும் அப்புடித்தான். எழுப்புனா எழுந்திரிக்க மாட்டான். எழுந்திரிச்சா அடங்க மாட்டான். நடுவுல நாந்தான் ஒரு கால அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றாள். பிஞ்சை வாங்க நின்ற ஆள் சிரித்தான், நானும் சிரித்தேன், சிரித்ததில் கால் தளர்ந்து எஞ்சின் கீழே இறங்கியது, பதறி மிதித்தேன், அதிகம் மிதித்துவிட்டேன், உறுமியது, அருளினி உடம்பு தூக்கிவாரிப் போட்டது. தூக்கிவாரித்தான் போட்டது, வேறொன்றும் இல்லை, சத்தத்துக்குப் பிள்ளைகள் அப்படித் துள்ளும், கை இரண்டும் விரிந்து மடங்கியது, மறுபடி தூங்குகிறாள். வேறொன்றும் இல்லை. இவள் வாயோரம் ஒழுகியிருக்கிறது, பல்லுக்கு ஒழுகும். நான் அதை நினைக்கப்போவதில்லை. இப்போது, இங்கே, இந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அதை நினைக்கமாட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, சாப்பாடு முடிந்து, இவர் பேப்பரோடு படுத்திருந்தார். அருளினிக்குக் காலையிலிருந்து உடம்பு கதகதவென்று இருந்தது, தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன், தூளி தானாக ஆடுகிற மாதிரி இருந்தது, நான் கையை எடுத்த பிறகும் ஆடியது. விரித்துப் பார்த்தால் கண் மேலே போய் வெள்ளை மட்டும் தெரிந்தது. முதுகு வில்லாக வளைந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் அலறினேன். இவர் எழுந்த வேகத்தில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும், இருபது தப்படிகூட இராது. ஆனால் வீட்டில் கார் இருக்கிறவர்கள் ஆட்டோ கூப்பிடுவார்களா? இந்தக் காரை வாங்கியதே நான் மாசமாக இருந்தபோது, எட்டாம் மாசத்தில், ஆட்டோவில் நான் குலுங்கக் கூடாது என்பதற்காக. பிரசவத்தன்றைக்கு ஒரு சாவி திருப்பலில் எடுத்தது, பூப்போல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியது, அந்த ஒருநாளை வைத்துத்தான் இவர் இன்றுவரை அதை மன்னித்துக்கொண்டிருக்கிறார். நான் பின்சீட்டில், மடியில் இழுத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. இவர் சாவியைத் திருப்புகிறார், க்ளிக், மறுபடி க்ளிக், பூசைக்குப் போய்வந்த சூடு ஆறவில்லை. என் அலறலைக் கேட்டு ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்தார்கள், நாலு பேர், அதில் பக்கிரி என்கிற நரைத்த ஆள், "சார், நீங்க ஸ்டியரிங்கப் புடிங்க சார், நாங்க தள்றோம்!" என்று சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோள்கொடுத்தார். ஆட்டோக்காரர்கள் எங்கள் காரைத் தள்ளினார்கள். மூச்சுவாங்க, ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு, முழுத் தெருவும். பின்கண்ணாடி வழியாக நான் பார்த்தேன், வியர்த்த நாலு முகங்களுக்குப் பின்னால், நிழலில் அவர்களுடைய ஆட்டோக்கள் காலியாக நின்றன. ஒருவருக்கும் தோன்றவில்லையா? சார் வீட்டுப் பிள்ளை, சார் காரில்தான் போகும் என்று இருந்திருப்பார்கள், நம்ம வண்டியில் வாங்க சார் என்று சொன்னால் சாரின் காரைக் குறைசொன்ன மாதிரி ஆகிவிடும் என்று. எனக்குத் தோன்றியது. எனக்கு முதல் க்ளிக்கிலேயே தோன்றியது. ஆட்டோ என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் கண்ணாடியில் இவர் முகம் தெரிந்தது, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை, அதற்குப் பதிலாக அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குக் கடிகாரம் அதுதான், விடுதியில் முட்டை வேகிறதற்கு இத்தனை, குளிக்கிற முறைக்கு இத்தனை என்று. பதினொன்றாவது முடிகிறபோது அவள் உடம்பு துவண்டு என் கையில் ஈரத்துணியாகத் தொங்கியது. அதே சமயம் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. இவர் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "எடுத்துருச்சு சீலி!" என்றார்.

பாலத்தடி டாக்டர் கேட்டார், வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று. "பதினோரு அருள் நிறைந்த மரியே, டாக்டர்" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நிமிஷத்துல சொல்லும்மா." எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெபமாலை வேகமா, பயந்த வேகமா? மூன்று நிமிஷமாக இருக்கும் என்று அவரே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வலிப்புதான், வளர வளரப் போய்விடும், பயப்படாதீர்கள், ஆனால் ஒருதரம் வந்த பிள்ளைக்கு மறுபடி வரலாம், காய்ச்சல் கண்டதும் மருந்து கொடுங்கள், உடம்பைத் துடைத்துவிடுங்கள், அஞ்சு நிமிஷத்துக்கு மேல் போனால் எங்கும் நிற்காமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எங்கும் நிற்காமல். இவர் தலையாட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே காதை வைத்திருந்தார், இறக்கத்தில் நிறுத்திய வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று. இவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் யாருக்கும் தெரியாமல் அழுதார், எனக்குத் தெரியும். அழுதுவிட்டு வந்து கார்புரேட்டரைக் கழற்றினார். ஒருவேளை இரண்டும் ஒன்றுதானோ என்னவோ இவருக்கு.

மடத்து விடுதியில் படுக்கப்போகுமுன் கட்டிலோரம் முழங்காலில் நின்று அன்றன்றைய தவறுகளை எண்ணிப் பார்க்க வேண்டும், சிஸ்டர் பெனிட்டா விளக்கருகில் நின்றுகொண்டிருப்பார். "செஞ்ச தப்பு தானா முன்னால வந்து நிக்கும். செய்யாம விட்டது ஒளிஞ்சுக்கும். அதத் தேடுங்க, பிள்ளைங்களா" என்பார். நான் தேடாமலே அது கிடைத்துவிட்டது, ஆட்டோ என்று ஒரே ஒரு சொல். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் இருமினார். எல்லாவற்றையும் சொன்னேன், சாவியை, தள்ளினதை, பதினொன்றை, வாய்வரைக்கும் வந்து நான் விழுங்கின சொல்லை. ஃபாதர் மறுபடி இருமினார். அப்புறம் கேட்டார், "பெட்ரோல் வண்டியாம்மா, டீசலா?" "பெட்ரோல், ஃபாதர்." "சூடானா மட்டும்தான் எடுக்கலையா?" "ஆமா, ஃபாதர்." "செல்ஃப் மோட்டார்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். பாக்கச் சொல்லு. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு." நான் வெளியில் வந்து முழங்காலில் நின்று மூன்றும் சொன்னேன், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். கார்பன் பிரஷ்ஷும் மாற்றினோம். ஒரு வாரம் நன்றாக இருந்தது. மன்னிக்கப்பட்ட பாவம் மறுபடி வருமா என்று மடத்தில் ஒருத்தி கேட்டாள், என்ன பதில் சொன்னார்கள் என்று மறந்துவிட்டது.

சைக்கிளில் வந்திருக்கலாம். இது இப்போது, இந்த நிமிஷம்தான் தோன்றுகிறது. வீட்டில் இவருடைய சைக்கிள் இருக்கிறது, கால்மணி நேரத்தில் பெல்ட்டை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். காருக்குச் சாமான் வாங்கக் காரிலேயே வந்திருக்கிறோம். சமதளம், ஒருவர் இறங்கினால் ஒருவர் மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஆகவே நான், நான் வந்தால் பிள்ளையும். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு. வருகிறாயா என்று கேட்டார், சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன், இருவருக்கும் அது விசேஷமாகவே படவில்லை. என் கெண்டைக்கால் இழுக்கிறது. அருளினி மூச்சு என் கழுத்தில் படுகிறது, சின்னச் சின்னதாக, வேகமாக. முன்னால் இவ்வளவு வேகமாக இல்லை. அல்லது எஞ்சின்தான் வேகமாக ஓடுகிறதா, கால் அறியாமல் மிதித்துக்கொண்டிருக்கிறதா? ஸ்டியரிங்கிலிருந்து கையைப் பிய்த்து எடுத்தேன். புறங்கையை நெற்றியில் வைத்தேன். அப்புறம் அதே புறங்கையைக் கதவுத் தகட்டில் வைத்தேன். தகடு சூடு. இவள் வேறு. இவள் கொதிக்கிறாள். வெள்ளரிக்கார அக்கா எழுந்து வந்துவிட்டாள், என் முகத்தில் என்ன கண்டாளோ. ஜன்னலுக்குள் கையை விட்டு அருளினியின் பாதத்தைப் பிடித்தாள். "அய்யய்யோ, காலு சில்லுன்னு கெடக்கு. தலை கொதிக்குது. காச்சல் ஏறுதும்மா. ஏறுறப்பதான் காலு சில்லுங்கும்." "இவர் வந்துடுவார்க்கா. பத்து நிமிஷம்னார்." "அந்த ஆளு போயி அரைமணியாச்சு." மருந்துக்கடையைக் கைகாட்டினாள். "நான் வேணா போயி மருந்து கேட்டு வாங்கியாரவா? நீ கால எடுக்க முடியாதில்ல?" அவள் உதவியாகத்தான் கேட்டாள், கிண்டலே இல்லை. நீ கால் எடுக்க முடியாது இல்லையா. சரிக்கா, வாங்கிட்டு வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படிச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும், அக்கா மருந்து வாங்கி வருவாள், நான் மிதித்துக்கொண்டே புகட்டலாம், இவர் வந்துவிடுவார், பெல்ட் மாட்டிவிடுவார், பாலத்தடிக்கு ஓட்டுவோம், இறக்கத்தில் இடம் இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் சுற்றிவருவோம். ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறேன், ஒவ்வொன்றின் அடியிலும் என் வலது கால் இருக்கிறது. பிள்ளையைப் பெற்ற உடம்பு இது, இதில் ஒரு காலை யாருக்கு நேர்ந்துவிட்டேன்? என் தோளில் அருளினியின் கை ஒருதரம் சுண்டியது. ஒன்றே ஒன்று. நெஞ்சு அதை எண்ணிக்கொண்டது. அருள் நிறைந்த, என்று உதடு தானாக ஆரம்பித்தது. வேண்டாம். இன்றைக்கு அதை எண்ணப்போவதில்லை. "ஆட்டோ!" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இரண்டாந்தரம் தெரு முழுக்கக் கேட்டது.

காலை எடுத்தேன். கதவைத் திறந்து, பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு தார்ரோட்டில் இறங்கினேன். முதுகுக்குப் பின்னால் அது அடங்கப்போகிற சத்தத்துக்காக உடம்பெல்லாம் காத்துக்கொண்டிருந்தது, அடி விழப்போகிறதென்று தெரிந்த பிள்ளை மாதிரி. சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. ஓர் இடத்தில் நின்று, அங்கேயே, நிதானமாக, யாரோ பட்டு நூல் நூற்கிற மாதிரி ஓட ஆரம்பித்தது. அணையவில்லை. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னாம்மா இது, கால எடுத்தாதான் ஒழுங்கா ஓடுது?" எனக்கு நின்று அதைக் கேட்க நேரமில்லை. ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. "எங்கம்மா?" "டாக்டர் மீனலோசனி." "அந்தச் சாக்கடைத் தெருதான? ஒக்காருங்க, அஞ்சு நிமிஷத்துல போயிரலாம்." ஏறி உட்கார்ந்தபோது சந்திலிருந்து இவர் வந்தார், புது பெல்ட்டை மணிக்கட்டில் வளையலாக மாட்டிக்கொண்டு, கிடைத்துவிட்ட சந்தோஷம் முகத்தில். நேராகக் காரிடம்தான் போனார். திறந்த கதவு, காலி சீட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார், கேட்டதும் முகம் இன்னும் மலர்ந்தது. "ஏங்க" என்று கூப்பிட்டேன். திரும்பினார். "சீலி? வண்டி ஓடிக்கிட்டிருக்கே, எதுக்கு ஆட்டோ?" "பாப்பாவுக்குக் கொதிக்குது. மீனலோசனிகிட்ட போறேன்." "இதுலயே போயிரலாமே. ஓடுதே. நல்லா ஓடுது, கேளு!" "ஓடட்டும்" என்றேன். இந்தக் குரலில் நான் இவரிடம் பேசினதில்லை, வகுப்பில் எழுந்து நின்று சொல்கிற குரல், நடுங்கியது, ஆனால் நின்றது. "சாவி அதுலயே இருக்கு சீலி." "இருக்கட்டும்." ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். "எடுங்கண்ணே" என்றேன். "இரு, இரு" என்று இவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், மறு கை என்னை மறிக்கத்தான் வந்திருக்க வேண்டும், வந்த வழியில் அருளினியின் நெற்றியில் பட்டது. உள்ளங்கை. அப்படியே நின்றுவிட்டார். இவர் கண்ணில் தூளியைப் பார்த்தேன், தெருமுழுக்கத் தள்ளின அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தேன், அதை இவரும் என்னைப் போலவே தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் குளிர்ந்த பாதம் இரண்டையும் எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் மூடிக்கொண்டார். ஆட்டோ குலுங்கிக்கொண்டு கிளம்பியது. இவர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை, குனிந்து பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் பார்த்தேன். நீலக் கார் கதவைத் திறந்து போட்டபடி, உள்ளே ஆள் இல்லாமல், ஒரு துடிப்பும் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.